அரசாங்கக் காட்டுல மரம் வெட்டலாமா? வொர்க்கிங் பிளான் பத்தி கொஞ்சம் எளிமையா

கூடலூர்ல இருந்து நாடுகாணி சுரம் வழியா நிலம்பூர் இறங்கினவங்களுக்குத் தெரியும், கீழ போகப் போக ரோட்டோரம் தேக்கு வரிசை கட்டி நிக்கும். ஒரு தடவை நாங்க குடும்பமா போனப்போ ஒரு இடத்துல ஒரு பக்கம் மொத்தமா மொட்டையா கிடந்துச்சு, தடியெல்லாம் நம்பர் போட்டு ஓரமா அடுக்கி வச்சிருந்தாங்க. முன்சீட்டுல இருந்த சித்தப்பா "போச்சு, காட்டையே வித்துட்டானுங்க"ன்னார். பின்னாடி இருந்த தம்பி "ஒண்ணு வெட்டினா பத்து நடுவாங்க சித்தப்பா, கவலப்படாதீங்க"ன்னான். அதோட பேச்சு முடிஞ்சிடுச்சு, ஆனா எனக்கு மனசுல முடியல.

ஏன்னா ரெண்டு பேர் சொன்னதும் சரியில்ல. ஆனா காடு பத்தி நம்ம ஊர்ல நடக்குற முக்கால்வாசி பேச்சு இந்த ரெண்டு வரிக்குள்ளதான் ஓடுது. அரசாங்கம் மரம் வெட்டுதுன்னாலே திருட்டுன்னு ஒரு பக்கம், கன்னு நட்டுட்டா எல்லாம் சரியாயிடும்னு இன்னொரு பக்கம். நடுவுல இருக்குற கணக்கப் பத்தி யாரும் பேசுறதில்ல. அந்தக் கணக்கத்தான் இங்க எழுதப் பாக்குறேன், காட்டைப் பத்தி எதுவுமே படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி.

முதல்ல ஒரு ஆட்டு மந்தை

உங்ககிட்ட 100 ஆடு இருக்குன்னு வைங்க. குட்டி போடுறது, நோய்ல சாகுறது எல்லாம் கழிச்சு வருஷத்துக்கு 30 ஆடு கூடுது. வருஷத்துக்கு 30 வித்தா மந்தை எப்பவும் 100லயே நிக்கும், உங்க பேரனும் அதே மந்தைய வச்சு பொழைக்கலாம். 50 வித்தீங்கன்னா முதல் ரெண்டு வருஷம் கை நிறைய காசு இருக்கும், மூணாவது வருஷம் மந்தைய எண்ணிப் பாத்தா வயித்தக் கலக்கும். பத்து ஆடு வித்தா? மேய்ச்சல் நிலம் தாங்குற வரைக்கும் பரவாயில்ல.

கிராமத்துல இதுக்குப் பாடம் எடுக்க வேண்டியதே இல்ல, அசலத் தொடாம வட்டியில சாப்பிடுறதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். காட்டுக்கும் இதே கணக்குதான். காடு ஒரு வருஷத்துல எவ்வளவு மரம் புதுசா வளர்க்குதோ அதுதான் வட்டி. அந்த அளவுக்கு மேல வெட்டாம, வருஷா வருஷம் தொடர்ந்து எடுத்துட்டே இருக்குறதுக்கு வனத்துறைக்காரங்க வச்சிருக்குற பேரு நீடித்த மகசூல்.

ஆனா ஆட்டுக்கும் மரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஆடு ஒரு வருஷத்துல வித்துடலாம், தேக்கு வீட்டுக்கதவுக்கு ஆகுற அளவு வரணும்னா 50, 60 வருஷம் ஆகும். நட்டவர் வெட்டப் பாக்க மாட்டார், வெட்டுறவர் நட்டவரப் பாத்திருக்க மாட்டார். அதனாலதான் தனியாள் ஒருத்தர் இதச் செய்றது ரொம்பக் கஷ்டம், தலைமுறை தாண்டி நிக்கிற ஒரு துறையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேணும்.

மரத்துக்கு வட்டி எப்படி ஏறுது

மரம் உயரத்துல வளருறதத்தான் நாம கவனிக்கிறோம், ஆனா காசு இருக்குறது பருமன்ல. பட்டைக்கு உள்பக்கம் வருஷா வருஷம் புதுசா ஒரு சுத்து மரம் சேரும். தேக்க குறுக்க அறுத்துப் பாத்தா அந்த வளையம் கண்ணுக்கே தெளிவாத் தெரியும், வெயில் நாட்டு மரங்கள்ல இவ்வளவு தெளிவா வளையம் காட்டுற மரம் ரொம்பக் கம்மி. வெளிப்பக்கம் வெளுப்பா இருக்குறது இன்னும் தண்ணி ஏறிட்டு இருக்குற பகுதி, உள்ள கருத்து கெட்டியா இருக்குறது வைரம். வைரம் பாய்ஞ்ச மரம்னு நம்ம பாட்டிங்க சொல்றது இதத்தான். கரையான் தொடாதது, மழைக்கு அசையாதது எல்லாம் அந்த வைரம்தான்.

இத அளக்குறதுக்கு வனத்துறைல ஒரு எளிய வழி இருக்கு. தரையில இருந்து 1.37 மீட்டர் உயரத்துல, அதாவது சராசரி ஆளோட நெஞ்சு உயரத்துல, மரத்தோட சுத்தளவ டேப் வச்சு அளப்பாங்க. ஏன் நெஞ்சு உயரம்னா, அடிமரம் வேர் பக்கம் அகண்டு போயிருக்கும், அங்க அளந்தா பொய்க்கணக்கு வரும், அதுவும் போக ஒருத்தர் குனியாம நிமிராம நாள் பூரா அளக்கணும்ல. காட்டுல இருக்குற ஒவ்வொரு மரத்தையும் அளக்க முடியாது, சோறு வெந்துச்சான்னு பருக்கை எடுத்துப் பாக்குற மாதிரி அங்கங்க சின்னச்சின்ன பிளாட் குறிச்சு அதுக்குள்ள இருக்குற எல்லா மரத்தையும் அளப்பாங்க. சில வருஷம் கழிச்சு அதே மரங்கள அதே உயரத்துல திரும்பி அளப்பாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

இந்த வட்டி விகிதம் பேங்க் மாதிரி நிலையானது இல்ல. சின்ன வயசுல கிடுகிடுன்னு ஏறும், நடு வயசு தாண்டினா மந்தமாயிடும். நல்ல மண்ணுல ஒரு மாதிரி, பாறை மேட்டுல வேற மாதிரி. இன்னொரு எதிரியும் இருக்கு, தேக்கு இலைப்புழு. மழைக்காலம் தொடங்குனதும் படை படையா வந்து தோட்டம் முழுக்க இலையச் சாப்பிட்டு வெறும் குச்சியா நிக்க வச்சிடும். நிலம்பூர்ல இளம் தேக்குத் தோட்டங்கள்ல பண்ண ஆய்வுல, இந்தப் புழுவால மட்டும் வளர வேண்டிய வளர்ச்சியில 44 சதவீதம் போயிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மரம் சாகாது, ஆனா வட்டி கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடும். இது தெரியாம பழைய கணக்குப்படி வெட்டினா அசல்ல கை வச்ச மாதிரிதான்.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: காடு வருஷா வருஷம் பருமன் கூடுது, அந்தக் கூடுதல அளக்க முடியும், அதுக்குள்ள வெட்டினா அசல் அப்படியே நிக்கும்.

அறுபது துண்டு

இப்போ ஒரு 600 ஹெக்டேர் தேக்குத் தோட்டத்த எடுத்துக்குவோம், ஹெக்டேர்னா ரெண்டரை ஏக்கர். தேக்கு முத்துறதுக்கு 60 வருஷம்னு வச்சுக்கிட்டா, அந்த 60 வருஷத்துக்குப் பேரு சுழற்சிக் காலம். 600ஐ 60ஆல வகுங்க, 10 வருது. வருஷத்துக்கு 10 ஹெக்டேர் மட்டும் வெட்டி, வெட்டின இடத்துல உடனே திரும்ப நட்டுட்டா, கடைசித் துண்டுக்குப் போய்ச் சேருறதுக்குள்ள முதல் துண்டுல நட்டது 60 வயசுக்கு வந்து நிக்கும். அப்படியே சுத்திச் சுத்தி வரலாம். அந்த வருஷம் வெட்டுறதுக்குன்னு ஒதுக்குன துண்டத்தான் மலையோரத்து ஆளுங்க கூப்புன்னு சொல்வாங்க. கூப்பு வேலைக்குப் போறேன், கூப்பு ரோடு, கூப்பு லாரின்னு எல்லாம் காதுல விழுந்திருக்கும்.

நாங்க ரோட்டோரம் பாத்த மொட்டைக் காடு அந்த மாதிரி ஒரு கூப்பா இருக்கத்தான் எல்லா வாய்ப்பும். ஆனா ரோட்ல போறவங்க கண்ணுல படுறது அந்தப் பத்து ஹெக்டேர் மட்டும்தான், ஒரு வயசுல, ரெண்டு வயசுல, முப்பது வயசுல நிக்குற மிச்ச 590 தெரியாது.

அவசரப்பட்டு வருஷத்துக்கு 20 ஹெக்டேர் வெட்டினா என்ன ஆகும்னு யோசிங்க. முப்பது வருஷம் கஜானா நிறைஞ்சிருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டாங்க, அந்த அதிகாரிக்கு நல்ல பேருகூட வரும். 31வது வருஷம் முதல் துண்டுக்குத் திரும்பி வந்தா அங்க நிக்குறது 30 வயசு மரம், சுத்தளவு கம்மி, வைரம் கம்மி, விலையும் கம்மி. தப்பு பண்ணினவர் அதுக்குள்ள ரிட்டயர் ஆகிப் போயிருப்பார். காட்டு நிர்வாகத்துல இருக்குற பெரிய ஆபத்தே இதுதான்னு நான் நினைக்கிறேன், தப்பு நடந்தது தெரியறதுக்கே ஒரு தலைமுறை ஆயிடுது.

எல்லாக் காட்டுக்கும் இப்படி மொட்டையா வெட்டுற முறை கிடையாது. இயற்கையா வளர்ந்த காட்டுல பல வயசு மரம் கலந்து நிக்கும், அங்க குறிப்பிட்ட சுத்தளவத் தாண்டின மரத்த மட்டும் அங்கொண்ணு இங்கொண்ணா எடுத்துட்டு மிச்சத்த விட்டுடுவாங்க, அதுக்குத் தேர்வு வெட்டுன்னு பேரு. மூணாவது ஒரு முறை இருக்கு, கரும்புல மறுதாம்பு விடுற மாதிரி. மரத்த அடியோட ஒட்டி வெட்டிட்டு கட்டைய விட்டுட்டா, அதுலேர்ந்தே புதுசா துளிர் கிளம்பும், நல்லா வர்ற துளிர வச்சுட்டு மத்தத கழிச்சு விடுவாங்க. ஆனமலைல ஹ்யூகோ வுட்னு ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி, அதுக்கு முன்னாடி கண்ணு மண்ணு தெரியாம வெட்டித் தீர்த்த மலையில, இந்த மறுதாம்பு முறையையும் புது நடவையும் வச்சே தேக்க மீட்டெடுத்தார். கைத்தடியால குழி குத்தி தேக்கு விதை போட்டுக்கிட்டே நடப்பார்னு இன்னைக்கும் அங்க கதையா சொல்வாங்க. 1933ல இறந்தார், அவர் ஆசைப்பட்டபடியே டாப்ஸ்லிப்ல அந்த மரங்களுக்கு நடுவுலயே புதைச்சிருக்காங்க. டாப்ஸ்லிப்ங்குற பேரே மேலேர்ந்து தடிய சறுக்கி விட்டதால வந்ததுதான்.

அந்த நோட்டுப் புத்தகம்: வொர்க்கிங் பிளான்

எந்த வருஷம் எந்தத் துண்டு, எத்தன மரம், எந்த முறை, எங்க கத்தியே வைக்கக் கூடாது, எங்க நடணும், எங்க தீத்தடுப்புக் கோடு போடணும், எல்லாத்தையும் ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் 10 வருஷத்துக்கு எழுதி வைக்கிறாங்க. இதுக்குப் பேருதான் வொர்க்கிங் பிளான். இத எழுதுறதுக்குன்னே தனியா ஒரு அதிகாரிய போடுவாங்க, கோட்டத்த நிர்வாகம் பண்ற மாவட்ட வன அலுவலரே தன் இஷ்டத்துக்கு எழுதிக்க முடியாது. எழுதி முடிச்சு மத்திய அரசோட ஒப்புதல் வாங்கணும். எப்படி எழுதணும்னு நாடு முழுக்க ஒரே விதிமுறை இருக்கு, 2004ல ஒண்ணு வந்துச்சு, 2014லயும் 2023லயும் திருத்துனாங்க.

வீட்டுக்கு பட்ஜெட் போடுற மாதிரின்னு சொல்லலாம், ஆனா அதவிட கறாரானது. பிளான்ல இல்லாத மரத்த ரேஞ்சர் நினைச்சாலும் வெட்ட முடியாது, அமைச்சர் போன் பண்ணினாலும் வெட்டக் கூடாது. நடைமுறைல எல்லா இடத்துலயும் அப்படியே நடக்குதான்னு கேட்டா, இல்லதான், ஆனா தப்பு நடந்தா தப்புன்னு காட்டுறதுக்கு ஒரு தாள் இருக்கு. அந்தத் தாள் இல்லாத காலம் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் பாப்போம்.

கப்பல், ரயில், அப்புறம் சாத்து மேனன்

காட்ட தொடர்ந்து பயன்படுத்துற மாதிரி வெட்டணும்னு முதல்ல புத்தகமா எழுதுனவர் காட்டுக்காரர் இல்ல, ஜெர்மனில சாக்சனி பக்கம் சுரங்க நிர்வாகத்துல இருந்த கார்லோவிட்ஸ்ங்குறவர், வருஷம் 1713. வெள்ளி உருக்க விறகு வேணும், விறகு தீர்ந்துட்டே வருது, அந்த பயத்துல பிறந்த யோசனை அது. இன்னைக்கு எதுக்கெடுத்தாலும் நீடித்த வளர்ச்சின்னு பேசுறோமே, அந்தச் சொல்லோட வேர் அந்த விறகுக் கணக்குலதான் இருக்கு.

நம்ம பக்கம் கதை கப்பல்ல தொடங்குது. மலபார் தேக்கு பம்பாய் துறைமுகத்துக்குப் போய் இங்கிலாந்து கடற்படைக்குக் கப்பல் ஆச்சு. 1817ல அப்படிக் கட்டின ஒரு கப்பல் பேரு டிரிங்கோமலி, நம்ம திருகோணமலை பேருதான், இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதந்துட்டு இருக்கு. இருநூறு வருஷம் தாண்டியும் உளுத்துப் போகாத மரம், அதுக்காக எவ்வளவு காடு போயிருக்கும்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. மலபார்ல வெட்டி வெட்டி நல்ல மரம் எட்டுற தூரத்துல இல்லாம போனதும்தான், 1840கள்ல மலபார் கலெக்டரா இருந்த கானலி, வெட்டுறத விட்டுட்டு நடலாம்னு நிலம்பூர்ல ஆரம்பிச்சார்.

ஆனா தேக்கு விதை முளைக்கவே இல்ல. அந்த விதைக்கு மேல கெட்டியான ஓடு, சும்மா மண்ணுல போட்டா ரொம்ப நாள் அப்படியே கிடக்கும். கானலிக்குக் கீழ வேல பாத்த சாத்து மேனன்தான் முளைக்க வைக்கிற பக்குவத்தக் கண்டுபிடிச்சு, நாத்து விட்டு, நட்டு, ஆண்டுக்கணக்கா நின்னு அந்தத் தோட்டத்த உருவாக்குனவர். உலகத்துலயே முதல் தேக்குத் தோட்டம்னு அதச் சொல்றாங்க. தோட்டத்துல மிச்சம் வச்ச ஒரு துண்டு, 2.31 ஹெக்டேர், இப்பவும் கானலி பிளாட்டுங்குற பேர்ல நிக்குது. சாத்து மேனன் பேர அந்தப் பக்கம் போறவங்க கொஞ்சம் நினைச்சுக்கணும்னு எனக்கு ஆசை.

அதுக்கு அடுத்து வந்தது ரயில். ஒரு மைல் தண்டவாளத்துக்கு சுமார் 2000 சிலீப்பர் கட்டை. நாடு முழுக்க எவ்வளவு மைல்னு யோசிச்சா புரியும் காடு எப்படி உருகியிருக்கும்னு. 1856லயே மெட்ராஸ் மாகாணத்துல காட்டுக்குன்னு க்ளெக்ஹார்ன்னு ஒருத்தர நியமிச்சாங்க. 1864ல டீட்ரிச் பிராண்டிஸ்னு ஜெர்மன்காரர் ஒருத்தர கூட்டிட்டு வந்து இந்திய வனத்துறைக்குத் தலைவராக்குனாங்க. அடுத்த வருஷமே முதல் வனச்சட்டம், அப்புறம் 1878, இங்க 1882ல மெட்ராஸ் வனச்சட்டம். பர்மாவுல தேக்குக்குக் கணக்கு வச்சுப் பழகின பிராண்டிஸ்தான் அந்த ஜெர்மன் முறைய இங்க ஊனுனவர்.

நல்லது நடந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. கோடு போட்டு ரிசர்வ் காடுன்னு அறிவிச்சதும், அதுக்குள்ள தலைமுறையா வாழ்ந்தவங்க, விறகு பொறுக்குனவங்க, மாடு மேய்ச்சவங்க எல்லாம் ஒரே நாள்ல அத்துமீறுனவங்க ஆயிட்டாங்க. மரத்துக்குக் கணக்கு எழுதுனவங்க மனுஷனுக்குக் கணக்கு எழுதல. அதச் சரிபண்ண 2006ல வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்துச்சு, இன்னும் அந்த வேலை முடியல.

ஒரு தடி டிப்போ வந்து சேருற வழி

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா நம்பிக்கைய ஆளுங்க மேல வைக்காம முறை மேல வச்சிருக்காங்க.

வெட்டுறதுக்கு முன்னாடியே மரத்துக்கு நம்பர் விழும், பதிவேட்டுல ஏறும். முத்திரைச் சுத்தியல்னு ஒண்ணு இருக்கு, அதோட முகத்துல துறையோட எழுத்தோ குறியோ செதுக்கியிருக்கும், மரத்துல லேசா பட்டையச் சீவிட்டு அங்க ஓங்கி ஒரு அடி அடிச்சா அச்சு பதிஞ்சிடும். வெட்டுனதுக்கு அப்புறம் நிலத்துல மிஞ்சுற கட்டைலயும் தடிலயும் குறி இருக்கணும், அப்பதான் பின்னாடி யாராவது ரோந்து வந்தா இந்தக் கட்டைக்கு உரிய தடி எங்க போச்சுன்னு பிடிக்க முடியும். குறி இல்லாத கட்டை ஒண்ணு நின்னாலே திருட்டு வெட்டுன்னு அர்த்தம்.

முன்னாடி காலத்துல கூப்ப அப்படியே நிக்குற மரத்தோட காண்ட்ராக்டருக்கு ஏலம் விட்டுடுவாங்க. அவர் குறி போட்டதோட சேத்து குறி போடாததையும் வெட்டிட்டுப் போனா யாரு போய் எண்ணுறது? அதனால இப்போ பல இடத்துல துறையே வெட்டுகூலி கொடுத்து வெட்டி, டிப்போவுக்கு, அதாவது தடி அடுக்கி வைக்குற வனத்துறைக் கிடங்குக்குக் கொண்டு வந்து, அளந்து, லாட்டு லாட்டா பிரிச்சு ஏலம் விடுது. நிலம்பூர்ல அருவாக்கோடு, நெடுங்கயம் டிப்போல எல்லாம் இப்போ ஆன்லைன் ஏலம்தான். குறி போடுறது ஒருத்தர், வெட்டுறது ஒருத்தர், அளந்து விக்கிறது இன்னொருத்தர்னு பிரிஞ்சு இருக்குறதுதான் இதுல இருக்குற பாதுகாப்பு.

அளக்குற விதமும் கேக்க சுவாரஸ்யமா இருக்கும். தடியோட நடுவுல சுத்தளவு எடுத்து, அத நாலால வகுத்து, வந்தத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்குவாங்க. 120 சென்டிமீட்டர் சுத்தளவு, 4 மீட்டர் நீளம்னா, நாலால வகுத்தா 30 சென்டிமீட்டர், அதாவது 0.30 மீட்டர். 0.30 பெருக்கல் 0.30 பெருக்கல் 4, மொத்தம் 0.36 கன மீட்டர், நம்ம மரக்கடை பாஷைல 12.7 கன அடி. உண்மையான உருளைக் கணக்கு போட்டா 0.46 பக்கம் வரும். அப்போ கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைச்சுக் காட்டுதே, ஏமாத்துறாங்களான்னு கேக்காதீங்க, உருட்டுத் தடிய சதுரமா அறுக்கும்போது ஓரத்துல சக்கையா போறதுக்கு முன்னாடியே கழிச்சு வச்ச கணக்கு அது. வாங்குறவர், விக்கிறவர் ரெண்டு பேரும் ஒரே முறைல அளக்குற வரைக்கும் யாருக்கும் நட்டமில்ல.

சுருக்கமா: பிளான்ல இருந்தா மட்டும் குறி, குறி இருந்தா மட்டும் வெட்டு, அளவு பதிஞ்சா மட்டும் ஏலம், ஏலம் எடுத்து பணம் கட்டி பாஸ் வாங்குனாத்தான் லாரி ரோட்டுக்கு ஏறலாம்.

ஒண்ணு வெட்டினா பத்து நடுறது

என் தம்பி சொன்னது. கேக்க நல்லா இருக்கு, அதனாலதான் எல்லா மேடைலயும் சொல்றாங்க. ஆனா தேக்குத் தோட்டத்துல ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு நட்டா ஹெக்டேருக்கு 2500 கன்னு வரும், 60 வருஷம் கழிச்சு கடைசி வெட்டுக்கு நிக்குறது அதுல நூத்துச் சொச்சம்தான். மிச்சமெல்லாம் எங்க போச்சு? கொஞ்சம் செத்துப் போகும், பெரும்பகுதி வனத்துறையே இடையில எடுத்துடும். கீரைப்பாத்தில நெருக்கமா முளைச்சத பிடுங்கி விடுறோம்ல, அதே மாதிரி, நல்ல மரத்துக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கணும்னு சோனிய வெட்டி எடுப்பாங்க, இதுக்குக் களைவெட்டு மாதிரி கலைப்பு வெட்டுன்னு பேரு. பல தடவை நடக்கும். அந்த மெல்லிசு மரம் கம்பமா, விறகா போகும்.

அதனால எத்தன கன்னு நட்டோம்ங்குற கேள்விக்கே பெருசா மதிப்பு இல்ல. அறுபது வருஷம் காவல் இருந்தாங்களா, தீ வராம பாத்தாங்களா, நேரத்துக்குக் கலைச்சாங்களா, கடைசில எவ்வளவு கன மீட்டர் வந்துச்சு, முந்தின சுழற்சில அதே மண்ணுல எவ்வளவு வந்துச்சு, இதெல்லாம்தான் கேக்க வேண்டியது. மூணு, நாலு தடவை ஒரே மண்ணுல தேக்கே நட்டா மண்ணு களைச்சுப் போகுமோங்குற கவலை நிலம்பூர் பக்கம் வனத்துறை ஆளுங்களுக்கே ரொம்ப நாளா உண்டு.

கணக்கு சரி, காடு போச்சு

மரத்துக்கணக்கு மட்டும் சரியா இருந்தா காடு நல்லா இருக்குன்னு அர்த்தம் ஆகாது, இத நான் அழுத்தியே சொல்லணும். நீலகிரி, பழனி மலைல மேல போனா வெறும் புல்வெளியும் மடிப்புல சின்னச்சின்ன சோலையும்தான் இயற்கை. அந்தப் புல்வெளிய சும்மா கிடக்குற நிலம்னு நினைச்சு, தோல் பதனிடப் பட்டைக்கு வாட்டில் மரமும், விறகுக்கும் ரேயான் கூழுக்கும் யூகலிப்டஸும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர்ல நட்டாங்க. மரம் கூடுச்சு, மகசூல் ஒழுங்கா வந்துச்சு, ஏட்டுல எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு. ஆனா வரையாடு மேய்ஞ்ச புல்லு போச்சு, மழைத்தண்ணிய பஞ்சு மாதிரி பிடிச்சு வச்சு மெதுவா ஓடைக்கு விட்ட நிலம் போச்சு. இப்போ அதே துறை காசு செலவழிச்சு வாட்டில பிடுங்கிட்டு இருக்கு.

கீழ சமவெளிலயும் இப்படி ஒண்ணு உண்டு. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974ல ஆரம்பிச்சது, திருச்சிய தலைமையிடமா வச்சு, காகித ஆலைங்களுக்குக் கூழ்மரம் கொடுக்குறது அதோட முக்கிய வேலை. ஆர்எஸ்பதி, அதாவது யூகலிப்டஸ், சில வருஷத்துலயே வெட்டுக்கு வந்துடும், மறுதாம்பும் விடும், கழகமும் லாபமா நடக்கலாம். ஆனா புதுக்கோட்டை பக்கம் விவசாயிங்க, ஆர்எஸ்பதி வந்ததுலேர்ந்து கண்மாய்க்குத் தண்ணி வரத்து குறைஞ்சுடுச்சுன்னு பல வருஷமா சொல்லிட்டே இருக்காங்க. அவங்க சொல்றத வெறும் புலம்பல்னு ஒதுக்க எனக்கு மனசு வரல, ஏன்னா மரக்கணக்கு ஏட்டுல தண்ணிக்குன்னு ஒரு கட்டம் அந்தக் காலத்துல இல்லவே இல்ல.

திரும்பவும் நிலம்பூர், திரும்பவும் கூடலூர்

1980ல வனப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, காட்டு நிலத்த வேற வேலைக்கு மாத்தணும்னா மத்திய அரசு அனுமதி வேணும்னு ஆச்சு. அதே 80கள்ல கேரளா மாதிரி மாநிலங்க இயற்கைக் காட்டுல வெட்டுறதையே நிறுத்துனாங்க. 1988 தேசிய வனக்கொள்கை இன்னும் ஒரு படி மேல போய், காட்டோட முதல் வேலை சுற்றுச்சூழலையும் தண்ணியையும் காக்குறது, வருமானம் அதுக்குக் கீழதான்னு எழுதியே வச்சுது. ஆலைங்க தங்களுக்கு வேணும்ங்குற மரத்த விவசாயிங்ககிட்ட வளர்க்கச் சொல்லி வாங்கிக்கணும்னும் சொல்லுச்சு. இன்னைக்கு நாம வாங்குற பிளைவுட்டு, தீக்குச்சி, பேப்பர் மரத்துல பெரும்பகுதி பட்டா நிலத்துலேர்ந்துதான் வருது, தேக்கு கணிசமா வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல வருது. அங்க எந்தப் பிளான்படி வெட்டுனாங்கங்குற கேள்விய நாம கேக்குறதே இல்ல, இது எனக்கு உறுத்துற விஷயம்.

அப்புறம் 1995. நிலம்பூர் கோவிலகம்ங்குற பழைய அரச குடும்பத்தச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, ஒரு காலத்துல தன் குடும்பத்துக்கிட்ட இருந்த கூடலூர் பக்கத்துக் காடு அழியுதுன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஒரு தாலுகா விஷயமா போனது நாட்டுக்கே பொதுவான வழக்கா மாறிடுச்சு. 1996 டிசம்பர் 12ஆம் தேதி கோர்ட் போட்ட உத்தரவுல, மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வொர்க்கிங் பிளான்படி தவிர எந்தக் காட்டுலயும் மரம் வெட்டக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. ரேஞ்சர் அலமாரிக்குள்ள இருந்த ஒரு நோட்டுப் புத்தகம் அன்னைக்கு ராத்திரியோட நாட்டோட சட்டம் மாதிரி ஆயிடுச்சு. பிளான் எழுதாம காலம் தள்ளுன மாநிலங்க எல்லாம் அவசர அவசரமா எழுத உக்காந்தாங்க. 2000 பிப்ரவரில இன்னொரு உத்தரவு, தேசியப் பூங்கா, சரணாலயத்துக்குள்ள காஞ்சு போன மரம், காத்துல விழுந்த மரத்தக்கூட வெளிய எடுக்கக் கூடாதுன்னு.

அதனாலதான் டாப்ஸ்லிப்லயும் முதுமலைலயும் வெள்ளைக்காரன் காலத்து தேக்குத் தோட்டம் வெட்டு வயசு தாண்டியும் அப்படியே நிக்குது, தடி இழுக்குறதுக்காகப் பழக்கின யானைங்களோட வாரிசுங்க இப்போ தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்கள்லேர்ந்து ரோந்துக்கும் ஊருக்குள்ள வந்த யானைய விரட்டவும் போகுதுங்க. நிலம்பூர் பக்கம் மட்டும் சரணாலயத்துக்கு வெளிய இருக்குற பழைய தோட்டங்கள்ல கூப்பு இன்னும் நடக்குது, பிளான்படி.

அடுத்த தடவை அந்த ரோட்டுல தேக்கு லாரி முன்னாடி போனா, ஓவர்டேக் பண்றதுக்கு முன்னாடி தடியோட வெட்டு முகத்த ஒரு நிமிஷம் பாருங்க. நம்பரும் சுத்தியல் குறியும் இருந்துச்சுன்னா, அது எந்தக் கூப்புல எத்தனையாவது மரம்னு ஏதோ ஒரு பதிவேட்டுல எழுதியிருக்கு. இல்லன்னா வண்டி நம்பரக் குறிச்சுக்கிட்டு பக்கத்துல இருக்குற வனச் செக்போஸ்ட்ல சொல்லுங்க. சித்தப்பாகிட்ட நான் அன்னைக்கு இதச் சொல்லல, எனக்கே அப்போ தெரியாது, போன பொங்கலுக்குத்தான் உக்கார வச்சு சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அந்தப் பிளான நாம வாங்கிப் படிக்கலாமாடா?"ன்னு கேட்டார். தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம் சித்தப்பான்னேன், மனு எழுதிட்டு இருக்கோம்.